இருட்டாக எடுத்த படம்

பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரின் இடது கன்னத்து மச்சத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று பெருமையோடு கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார் ஸ்டுடியோக்காரர். வந்தவர் திரையைப் பார்த்தார், சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "சார், அந்த மச்சம்தான் என் அங்க அடையாளம். அதை வச்சே கொடுங்க" என்றார். ஸ்டுடியோக்காரர் அரை மனதோடு மச்சத்தைத் திரும்ப வைத்தார்.

அந்தத் தெருவில் அவருக்கு 'டச்சப்' என்று பெயர். கைக்கு வந்த படத்தை வந்தபடியே திருப்பிக் கொடுத்ததாக முப்பது வருடத்தில் சரித்திரமே கிடையாது. குடும்பப் படத்தில் தூங்கி வழியும் மாமனாரின் கண்ணைத் திறந்து வைப்பார். சண்டை போட்டுக்கொண்டு தள்ளி நிற்கும் அண்ணன் தம்பியை ஒட்டி நிற்க வைப்பார். படங்களைக் கவரில் போட்டுக் கொடுக்கும் அவர் மனைவி, "நல்லவேளை, என்னை நேர்ல பார்த்துக் கட்டிக்கிட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

மச்சக்காரர் போனதும் பக்கத்துத் தையல் கடைக்காரி உள்ளே வந்தாள். பக்கத்து நாட்டிலிருந்து ஆறு வருடங்களுக்கு முன் வந்தவள். நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டவள். அவள் நாட்டில் தேர்தல் முடிவை ஒப்புக்கொள்ளாமல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜனங்கள் தெருவில் நின்று ஓட்டுரிமையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நெட்டுல இருக்கற உங்க கடைப் பக்கத்தை எத்தனை பேர் பாக்கறாங்க?"

"பன்னெண்டாயிரம்" என்றார், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்.

"எங்க ஊர் சங்கதி வெளியில யாருக்கும் தெரியலண்ணே. செய்தியில ரெண்டு நாள் சொன்னாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. இந்தப் படத்தைப் போடறீங்களா? என் பேர்ல கணக்கு வச்சா அங்க அம்மாவுக்குத் தொல்லை. அதான் உங்களைக் கேக்கறேன். இதுல என் தம்பியும் இருக்கான்."

ஒரு பாலத்தின் மேல் ஆறு பேர் நின்றிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன். ஆறு பேரும் வெறும் கறுப்பு உருவங்கள். நடுவில் ஒரு நீளத் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள்.

"இதுல எது தம்பி?"

"அதை விடுங்க. இருக்கான், அவ்வளவுதான். படத்தை அப்படியே போட்டுடுங்கண்ணே."

அப்படியே என்ற சொல் அவர் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை. அவள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை, படமெடுத்தே பிழைக்கிற ஒரு மனிதருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடைகளிடம் ஓடினாள்.

ஸ்டுடியோக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "வெயிலுக்கு எதிர்ல நிக்க வச்சு எடுத்திருக்கான் பாரு. கத்துக்குட்டி" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருக்குக் கை ஊறியது. நல்ல கேமராவில் எடுத்த படம். கறுப்புக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற ஏற்ற, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அரும்பு மீசையோடு ஒரு பையன். கழுத்தில் மஞ்சள் துணியைச் சுற்றி, உதட்டைக் கடித்தபடி ஒரு பெண்.

"நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியது உண்மை. கெட்ட மனிதர் அல்ல அவர். லைக்குக்காக மட்டுமே செய்தார் என்றால் அது பொய். லைக்கை நினைக்கவே இல்லை என்றால் அதுவும் பொய்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

"அவ வேலையா இருக்கா. பார்த்தா தானா சந்தோஷப்படப்போறா."

வழக்கம்போல மூலையில் கடைப் பெயரைப் பதித்து, 'இவர்களின் முகங்களை உலகம் பார்க்கட்டும்' என்று ஒரு வரியும் எழுதிப் போட்டுவிட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். வாடிக்கையாளர் கேமராவுக்கு முன்னால் சிரித்தபடி காத்திருக்க, இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியவர்களுக்கெல்லாம் வஞ்சகம் இல்லாமல் ஆளுக்கொரு சிவப்பு இதயம் போட்டார். பாதிப் பேர் அவருக்குத் தெரியாத எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த நாட்டுக்காரர்கள்தான், நன்றி சொல்கிறார்கள் என்று எண்ணி, அவற்றுக்கும் இதயம் போட்டார்.

தையல் கடை வாசலில் நின்று, "போட்டாச்சும்மா. பறக்குது" என்றார். அவள் உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசி. தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். விரலிலிருந்த தையல் உறையைக் கழற்றக்கூட இல்லை.

"அண்ணே, என்ன படம் போட்டீங்க?"

"இதோ" என்று அவர் திரையைத் திருப்பினார். அப்போதும் அவருக்குப் பெருமைதான். அவள் பார்த்துவிட்டு, படமெடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்க தெருவுல ராணுவத்துக்காரங்க வீடு வீடா வந்திருக்காங்க. கையில இந்தப் படம், பேப்பர்ல அச்சடிச்சு. மூலையில ஏதோ வெளிநாட்டு எழுத்து இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. உங்க கடைப் பேருண்ணே அது. ரெண்டு பேரைப் பிடிச்சுட்டாங்க. இந்த மீசைக்காரனையும், மஞ்சள் துணி போட்ட பொண்ணையும். தம்பி பின்பக்கமா ஓடிட்டானாம். எங்க இருக்கான், இருக்கானான்னே தெரியல."

"இருட்டா இருந்துச்சேன்னு நான்..."

"இருட்டா இருக்கணும்னுதானே அப்படி எடுத்தாங்க. சூரியன் சரியா முதுகுக்கு வரட்டும்னு காத்திருந்து எடுத்தாங்கண்ணே."

அவள் அவர் போனை வாங்கி, கீழே எழுதியிருந்தவற்றைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. படம் போட்ட அன்று, போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் யாரோ எழுதியது.

"படிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் படித்தாள்: "ஐயா, மஞ்சள் துணி சுற்றியிருப்பவள் என் மகள். எனக்கு ஒரே பிள்ளை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவள் முகத்தை மறைத்துவிடுங்கள்."

அதற்குக் கீழே அவர் போட்ட சிவப்பு இதயம் இருந்தது.

மனைவி கவர்களைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றரை நாள். அந்தத் தாய் கேட்டதற்கும் ராணுவம் கதவைத் தட்டியதற்கும் நடுவே முழுசாக ஒன்றரை நாள் இருந்தது. அந்த ஒன்றரை நாளும் இவர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாயின் கணக்கைக் குறித்துக்கொண்டு, படத்தை நீக்கினார். அவர் பக்கத்திலிருந்து போயிற்று. பகிர்ந்தவர்களில் பலர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். கடையை அடைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினார்கள். சிலர் உடனே எடுத்தார்கள். சிலர், இவ்வளவு நல்ல படத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பலர் பதிலே போடவில்லை.

"இனிமே இந்தப் பக்கமே வேண்டாம். மூடிடறேன். எந்த நாட்டு விஷயத்துக்கும் போக மாட்டேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். அழுதிருந்தார்.

தையல்காரிக்கு அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. "நல்லா இருக்குண்ணே. வெளிச்சம் போட்டுக் காட்டிட்டு, இப்ப கதவைச் சாத்திக்கறேங்கறீங்க. முதல்ல அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க. சொல்லுங்க, நான் எழுதறேன்."

"அம்மா, அந்தப் படத்தைப் போட்டவன் நான்தான். நீங்க எழுதினதைப் புரிஞ்சுக்காமலே கடந்து போயிட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாயில்லை. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார். அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தன் மொழியில் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. கூடவே ஒரு படமும்: பள்ளிச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சிரிக்கிறாள். தையல்காரி நின்றபடியே படித்தாள்.

"உங்கள்மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பயந்து வாயை மூடிக்கொண்டால் அது அவர்களுக்குத்தான் வசதி. பிடித்துக்கொண்டு போனதை இப்போது அவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். ஆகவே இனி என் மகளின் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அவளை உயிரோடு வைத்திருப்பார்கள். இந்தப் படத்தையும் அவள் பெயரையும் போடுங்கள். பிடித்த தேதியைப் போடுங்கள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதீர்கள். மற்றவர்களைக் காட்டாதீர்கள்."

ஸ்டுடியோக்காரர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "அன்னைக்கு மறைக்கச் சொன்னாங்க. இன்னைக்குக் காட்டச் சொல்றாங்களே."

"எப்ப மறைக்கணும், எப்ப காட்டணும்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்குத்தாண்ணே தெரியும்" என்றாள் தையல்காரி. "எங்களுக்காகப் பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. பேசறதுக்கு முன்னாடி எங்களைக் கேளுங்க. கேட்டுச் செஞ்சா அது உதவி. கேக்காம செஞ்சா, எவ்வளவு நல்ல மனசோட செஞ்சாலும் ஆளைப் பிடிச்சுக் கொடுத்த மாதிரிதான்."

அந்தத் தாய் சொன்னதை மட்டும் அவர் எழுதினார். எழுதியதைத் தையல்காரியிடம் காட்டினார். அவள் இரண்டு முறை படித்துச் சரியென்றாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பியைப் பத்தியும் ஒரு வரி எழுதலாமாம்மா?"

அவள் முகம் கோணிற்று. "வேண்டாம்ணே. அவன் பிடிபட்டதா இதுவரைக்கும் யாரும் சொல்லல. அதுவரைக்கும் அவன் பேரு எங்கயும் வரக் கூடாது."

"சரிம்மா" என்றார் அவர்.