ஒட்டிக்கொண்ட தாள்கள்

"இன்னைக்கு வேதப் பங்கைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க, எனக்குக் கண்ணு எரியுது" என்று சொல்லிவிட்டு மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிப்ட் மெக்கானிக்குக்கு மடியிலிருந்த பைபிளைத் திறக்கக் கை வரவில்லை. பக்கத்தில் ஆக்சிஜன் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

வருடப் பிறப்புக்கு அவள் வாங்கிக் கொடுத்த பைபிள் அது. ஓரம் முழுக்கத் தங்கப் பூச்சு. அந்தப் பூச்சில் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு, முதல் தடவை பிரிக்கும்போது 'சரக்' என்று சத்தம் வரும். பத்து மாதம் ஆகியும் முதல் சில தாள்கள் தவிர மற்றதெல்லாம் ஒட்டியேதான் இருந்தன. இந்த லட்சணத்தில் சபையில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். ஒரு நாள் கூடத் தவறாமல் வேதம் வாசிக்கிறவர் என்று போதகரே ஆராதனையில் எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தார். கடிகாரமும் கூச்சமில்லாமல் எழுந்து நின்றது.

முதல் இரண்டு வாரம் அவர் நிஜமாகவே வாசித்தார். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, லிப்ட் மோட்டார் அறையில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து வாசித்தார். பிறகு மூன்று நாள் தொடர்ந்து ரிப்பேர் வேலை. விட்டதைச் சேர்த்துப் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, பிரிட்ஜில் ஒட்டியிருந்த தினசரி வாசிப்பு அட்டவணையில் மூன்று கட்டத்துக்கும் சிவப்புப் பேனாவால் டிக் போட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதன்பின் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது முந்தின நாள் கட்டத்தில் ஒரு டிக். பைபிள் டூல் பையில் ஸ்பேனர்களோடு ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும்.

ஆனால் வேலையில் அவர் அப்படியில்லை. கயிற்றையும் பிரேக்கையும் தொட்டுப் பார்க்காமல் எந்த லிப்டின் சோதனை அட்டையிலும் கையெழுத்துப் போட்டதில்லை. "அதுல மனுஷ உசுரு தொங்குதுய்யா" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் எரிந்து விழுவார். வேதம் வாசிக்காததில் யார் உயிர் தொங்கப்போகிறது என்று இருந்துவிட்டார். இந்தப் பத்து நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபம் செய்ய நின்றால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காத வீட்டு வாசலில் அவசரத்துக்குக் கைமாற்று கேட்டு நிற்பது போலக் கூசியது.

நேற்று டாக்டர் வெளியே கூப்பிட்டு, புற்று நுரையீரல் வரை பரவிவிட்டது, கட்டி கையில் தட்டுப்பட்ட அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். இவர் உள்ளே வந்து அவளிடம் கேட்டே விட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"சொன்னேனே. நீங்கதான் ஒண்ணும் கேட்கல. சரி, உங்களுக்கும் பயம் போலன்னு விட்டுட்டேன்."

மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார்.

இப்போது இன்றைய பங்கைத் தேடி விரலை நுழைத்தார். தாள்கள் பிரிய மறுத்தன. நழுவிய புத்தகம், கால்வாசியில், ஏற்கெனவே யாரோ பிரித்து வைத்த ஒரே இடத்தில் தானாக விரிந்தது. உள்ளே நாலாக மடித்த மளிகைச் சீட்டு. பின்பக்கம் அவள் கையெழுத்து.

'என்னங்க, நேர்ல சொல்ல வாய் வரல. இடது மார்புல ஒரு கட்டி தட்டுப்படுது. பயமா இருக்கு. வியாழக்கிழமை உங்க பங்கு இந்தப் பக்கம்தான். எப்படியும் படிச்சிடுவீங்க. ஒண்ணும் கேக்க வேணாம், ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன்னு மட்டும் சொல்லுங்க.'

மூலையில் தேதி. ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையும் அவர் டிக் போட்டிருப்பார். அவள் அடுப்படியில் நின்று அதைப் பார்த்திருப்பாள். படித்துவிட்டார், இப்போது சொல்வார் என்று கரண்டியும் கையுமாகக் காத்திருந்திருப்பாள். அவர் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போயிருப்பார். படித்தும் வாயைத் திறக்காதவர் என்று நம்பிக்கொண்டே ஏழு மாதம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். பாவி, பாவி என்று நெஞ்சுக்குள் அறைந்துகொண்டார்.

"என்னங்க, வாசிக்கலையா?"

சொல்லிவிட்டால் வருடம் முழுக்கப் பொய் டிக் போட்டவன் என்று ஆகும். சொல்லாவிட்டால், தன் பயத்தைப் படித்தும் பேசாமல் இருந்தவர் என்ற நினைப்போடுதான் அவள் கண்ணை மூடுவாள். சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். பைபிளை அவள் காதருகே கொண்டுபோய், ஜனவரி மூன்றாம் வாரத்துப் பங்கிலிருந்து தாளைப் பிரித்தார்.

சரக்.

அடுத்தது. சரக். அதற்கு அடுத்தது.

அவள் விரல்கள் சீட்டைத் தடவின. மடிப்பைத் தெரிந்துகொண்டதும் அசைவு நின்றது.

"எத்தனை பக்கம்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"எல்லாமேம்மா."

அவள் கண்ணோரத்திலிருந்து வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. அவர் துடைக்கப் போனார். அவள் சீட்டு இருந்த கையால் அவர் கையைத் தள்ளிவிட்டுப் பைபிளின் ஓரத்தைத் தொட்டாள்.

"விட்ட எடத்துலேருந்து வாசிங்க."

அவர் வாசித்தார். பக்கம் முடிந்ததும் அடுத்த தாள் பிரிய மறுத்தது. கிரீஸ் ஏறிக் கறுத்த நகத்தால் அதன் விளிம்பை நெருடினார். தங்கத் தூள் உதிர்ந்து அவளுடைய வெள்ளைப் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது.