சிவப்பு நூல் கட்டிய பூ

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியால் கிடைத்தது. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்து எங்கள் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. சண்டை போடுவதற்கென்றே படியேறினேன். மேலே பச்சை வலைக்கு அடியில் முப்பது பெயிண்ட் வாளிகள், வாளிக்கு ஒரு மிளகாய்ச் செடி. சில காம்புகளில் தையல் நூலைத் துண்டு துண்டாகக் கட்டியிருந்தார்கள். மஞ்சள், நீலம், கறுப்பு. ஒரே ஒரு செடியின் பக்கத்தில் நட்ட குச்சியில் மட்டும் சிவப்பு.

"நூல் எதுக்கு டீச்சர்?" என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டேன்.

"எந்தப் பூவுக்கு எந்த மகரந்தம்னு அடையாளம். எல்லாம் எங்க வீட்டுக்காரங்க வேலை. சிவப்பு மட்டும் நான் கட்டுனது" என்றவர், சொன்ன வாயை மூடுவதற்குள், "தொட்டி வழியுதுன்னுதானே வந்தீங்க, மோட்டாரை நிறுத்திருதேன்" என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்ததில் வந்ததுதான் கீழே உள்ளது எல்லாம். அவரிடம் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டால் எனக்குக் கை ஓடாது. பெயர்கள் உட்பட அனைத்தும் என் கைச்சரக்கு.

(இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் காரம் ஆகாது. ரசத்தில் மிதக்கும் மிளகாயைக்கூட ஓரத்தில் ஒதுக்குகிற ஆள். உலகத்திலேயே காரமான மிளகாயைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை என்று என் மனைவி கேட்டாள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "முத்துக் குளித்த கடலில் இருந்து எழுந்த சூரியன், உப்பளங்களின் மீது தன் பொன்னிறக்—"

வேண்டாம். இந்தக் கதையில் முத்து கிடையாது. உப்பு உண்டு, ஆனால் அது ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீரில் இருக்கிறது. ஒரு வாரம் அதையே ஊற்றினால் மிளகாய் இலையின் நுனி கருகிவிடும்.

அடுத்தது: "எங்கோ தூரதேசத்துக் கப்பலின் சமையல்காரன், நேசக்குமாரின் உள்ளங்கையில் ஐந்து விதைகளை வைத்து மூடி—"

இதுவும் பொய். விதை கூரியரில் வந்தது. கரோலினா ரீப்பர் என்று அச்சடித்த தீப்பெட்டி அளவுப் பாக்கெட். பத்து விதை, முளைத்தது மூன்று.

சரி, நேராகவே சொல்லிவிடலாம். நேசக்குமார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று. பூர்வீகம் நாசரேத். அவர் மனைவி ஈவாஞ்சலின் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, வழிமுறை இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்பதில் பிள்ளைகள் அழுதாலும் அசையாதவர். இந்தக் கதை அவருடையது.

3

நேசக்குமாருக்கு ஓர் ஆசை இருந்தது. நம் விளாத்திகுளம் பக்கத்து முண்டு மிளகாய் உருண்டையாக இருக்கும். இந்த வெயிலையும் உப்புத் தண்ணீரையும் காற்றையும் தாங்கும். ரீப்பர் அப்படி இல்லை. பேய்க் காரம், ஆனால் சீக்காளிப் பிள்ளை மாதிரி எதற்கெடுத்தாலும் துவளும். முண்டின் உடம்பில் ரீப்பரின் காரத்தை ஏற்ற வேண்டும். அதற்கு முண்டுப் பூவில் ரீப்பர் பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும்.

சொல்ல எளிது. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் சாதி. மொட்டு விரிவதற்கு முன்பே இதழைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஊதாநிற மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறு மகரந்தம். விரிந்த பிறகு தடவினால், அது ஏற்கெனவே தன் மகரந்தத்தையே வாங்கியிருக்கும். வாங்காமலும் இருக்கும். யாராலும் சொல்ல முடியாது.*

(* இந்தப் பத்தியைச் சரிபார்க்க ஒரு முண்டுச் செடி வாங்கி வைத்து நான்கு மொட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். நான்கும் என் கையோடு வந்துவிட்டன. பிறகு ரீப்பர் பழம் ஒன்றைத் தொட்டுவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, கண்ணைக் கசக்கினேன். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.)

போன மார்ச்சில் செடிகள் பூ எடுத்த நேரத்தில் நேசக்குமாருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் ஏழு வாரம் கதிர்வீச்சு. அக்கா வீட்டில் தங்கிக்கொண்டார். ஈவாஞ்சலினுக்குப் பொதுத்தேர்வு வேலை; சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவார். போன இடத்தில் நேசக்குமார் தன் நோயைப் பற்றிப் பேசவில்லை. பூவைப் பற்றித்தான் பேசினார்.

"ஏளா ஈவா, நீதான் செய்யணும். இந்த வருசம் விட்டா பிறகு எப்பம்னு தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டபின் முடியாது என்று யார் சொல்வார்கள்?

3 (மறுபடியும்)

நான்காம் பகுதி எழுதி எடுத்துவிட்டேன். அதில் நேசக்குமார் ஆஸ்பத்திரியில் யாரையும் நொந்துகொள்ளாமல், எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்தார். நோயாளியை எழுத உட்கார்ந்தாலே என் பேனா அவரைப் பரிசுத்தவான் ஆக்கிவிடுகிறது. நிஜத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? ஆகவே மூன்றாம் பகுதியிலேயே அவரைக் கொஞ்சம் கெடுத்துவிட்டு மேலே போகிறேன்.

ரீப்பர் முதன்முதலாகக் காய்த்தபோது, அதில் ஒரு கீற்றை மனைவியிடம் சொல்லாமல் சாளை மீன் குழம்பில் போட்டவர் அவர். விளையாட்டாம். ஈவாஞ்சலினுக்கு அன்று முழுக்க நெஞ்செரிச்சல். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. துறைமுக கேன்டீனில் நண்பர்கள் சுற்றி நிற்க முழுப் பழத்தை மென்று காட்டி, வேர்த்து விறுவிறுத்து நின்றவரும் அவரே. போர்த் தண்ணீரை ஊற்றியதற்காக மனைவியை மாடியில் நின்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மிளகாயைக் கண்டாலே ஆகாது என்றால் காரணம் இருக்கிறது.

இப்போது மேலே போகலாம்.

5

மொத்தம் ஐந்து பூ. நான்கை ஈவாஞ்சலின் வாரநாள்களில், விடிந்ததும் விடியாததுமாக, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புருஷன் சொன்ன மாதிரியே செய்தார். மஞ்சள் நூல் இரண்டு, நீல நூல் இரண்டு. ஐந்தாவது மொட்டு ஞாயிற்றுக்கிழமை விரியும் பருவத்தில் இருந்தது.

அன்று ஐந்தரை மணிக்கு எழுந்து மாடிப்படியில் கால் வைத்தபோது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு நாளுக்குப் பிறகு வந்த மாநகராட்சித் தண்ணீர். பிடிக்காமல் விட்டால் இன்னும் ஆறு நாள். டிரம், குடம், வாளி என்று எல்லாவற்றையும் நிரப்பி நிமிர்ந்தால் மணி எட்டு. எட்டரைக்குச் சர்ச். அது மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அதோடு பாதிரியார் ஐயர் அன்றைய ஜெபத்தில் நேசக்குமாரின் பெயரைச் சொல்லப்போகிறார். புருஷனுக்காகச் சபையே எழுந்து நிற்கும்போது பெண்டாட்டி மாடியில் பூவைக் கிள்ளிக்கொண்டிருக்க முடியுமா?

ஆராதனை முடிந்த பிறகும் விடவில்லை. வாசலில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். "தண்ணி முழுங்க முடியுதாம்மா?" "ஆண்டவர் கைவிட மாட்டார் டீச்சர்." ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்லி வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

பூ விரிந்திருந்தது. வெள்ளையாக, முழுசாக.

ஈவாஞ்சலின் சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு அதன் முன்னால் நின்றார். பிறகு பைகளைக் கிள்ளினார். ரீப்பர் மகரந்தத்தைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினார். மஞ்சளும் நீலமும் தீர்ந்திருந்ததால் சிவப்பு நூலைக் கட்டினார். போன் அடித்தது. பேச முடியாததால் நேசக்குமார் எழுதித்தான் கேட்பார்.

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு" என்று அனுப்பினார்.

(இந்த இடத்தில் வாசகர் கேட்பார்: இது ஒரு பொய்யா? கணக்கு டீச்சருக்கு இது பொய். எனக்கும் அப்படித்தான்.)

6

சரியாகச் செய்த நான்கு பூவும் அந்த வார வெயிலில் உதிர்ந்தன. சிவப்பு நூல் கட்டியது மட்டும் பிஞ்சு பிடித்தது.

மதுரையில் நேசக்குமாருக்கு அந்தக் கடைசி வாரங்கள்தான் மோசம். எச்சில் விழுங்கினால் உயிர் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி. அந்த நிலையில் அவர் தினமும் கேட்ட ஒரே விஷயம் அந்தக் காய். ஈவாஞ்சலின் தினமும் படம் எடுத்து அனுப்பினார். பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு, பிறகு சிவப்பு. "இன்னைக்குக் காய் படத்தப் பாத்த பிறகுதான் குழாயில மருந்தை ஏத்த விட்டான்" என்று அவர் அக்கா போனில் சொன்னபோது ஈவாஞ்சலின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அந்தச் சமயத்தில் எப்படி உண்மையைச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று விட்டார். பிறகு அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார்; வந்த சந்தோஷத்தில் எப்படிச் சொல்வது? இப்படியே போனது.

நேசக்குமார் அந்தப் பழத்தின் விதையை ஆகஸ்டில் போட்டார். முளைத்ததில் உருப்படியான செடி ஒன்று. குச்சி நட்டு, பழைய சிவப்பு நூலை அதில் சுற்றி, பிளாஸ்டிக் அட்டையில் "ஈவா-1" என்று எழுதுகோல் மையில் எழுதிச் செருகினார்.

"என் பேரு எதுக்குங்க? வேற வைங்க."

"நீ செஞ்சதுக்கு உம் பேருதாம்ளா வைக்கணும்."

ஜனவரியில் முதல் காய் பழுத்தது. உருண்டைதான், ஆனால் தோலில் லேசான சுருக்கம். ரீப்பர் ரத்தம் என்றார் அவர். வெயிலில் சூம்பியிருக்கும் என்றார் அந்த அம்மா. தின்று பார்த்தால்தான் தெரியும். நேசக்குமாரால் தின்ன முடியாது. கதிர்வீச்சுக்குப் பிறகு பற்பசைகூட வாயை எரிக்கிறது, பிசைந்த தயிர்ச்சோறுதான்.

(தங்கதுரை என்று கேன்டீன் நண்பர் ஒருவரை இங்கே வரவழைத்து, "நான் தின்னு பாக்கேன் அண்ணாச்சி, கொண்டாங்க" என்று சொல்ல வைத்தேன். நல்ல மனுஷன். ஆனால் அவர் தின்றால் கதை அவருடையதாகிவிடும். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.)

"நீதான் பாக்கணும்" என்றார் நேசக்குமார் மனைவியிடம்.

7

முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: பழம் பேய்க் காரம். ஈவாஞ்சலினுக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஊற்றுகிறது, நேசக்குமார் குழந்தை மாதிரி கைதட்டுகிறார். பொய் அப்படியே புதைந்துபோகிறது. வசதியான முடிவு. ஆனால் தப்பான வழியில் வந்த சரியான விடையை வைத்துக்கொண்டு அந்த அம்மா எப்படி நிம்மதியாக இருப்பார்?

இரண்டு: சாதாரண முண்டுக் காரம். ஈவாஞ்சலின் "ஐயோ அம்மா" என்று நடிக்கிறார். நேசக்குமார் நம்புகிறார். அடுத்த வருஷம் அந்த விதை முப்பது வாளியிலும் முளைக்கும், நண்பர்கள் வீட்டுக்கும் போகும். ஒவ்வொரு காய்க்கும் இவர் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையும் ஒதுக்கிவிட்டேன்.

மூன்று: அவர் சிரித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்ளா. முதல் ஞாயிறு கோயில்ல இருந்து நீ வர்றதுக்குள்ள பூ விரிஞ்சிருக்கும்லா" என்கிறார். இதைப் படித்துவிட்டு என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி எழுதினால் எல்லாவற்றையும் அவரே செய்துவிடுகிறார். பத்து மாதம் சுமந்தவருக்கு இறக்கி வைக்கக்கூட வாய்ப்பில்லை. அடித்துவிட்டேன்.

8

ஆகவே என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

ஞாயிறு மாலை. மாடி. நேசக்குமார் கையுறை போட்டுக்கொண்டு பழத்தில் ஓர் அரிசி அளவுக்கு வெட்டிக் கரண்டி நுனியில் வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர்.

"முண்டுன்னா சுள்ளுன்னு வந்து, வந்த இடத்துலயே நிக்கும். ரீப்பர் ஏறுனா அப்படி இல்ல. ஏறிக்கிட்டே போவும். முப்பது எண்ணுனா தெரிஞ்சிரும். அதுவரைக்கும் தயிரத் தொடாத, பேசாத. நான் எண்ணுதேன்."

ஈவாஞ்சலின் அதை நாக்கில் வைத்து மென்றார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவர் குரல் இப்போதெல்லாம் உமி மாதிரிதான் வருகிறது. ஐந்துக்கு ஒரு முறை நிறுத்தி, பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டு எண்ணினார். கண் மனைவியின் முகத்தை விட்டு நகரவில்லை. ஆறில் சுள்ளென்று வந்தது. எட்டில் அப்படியே இருந்தது. ஒன்பதில் கூடியதா? ஈவாஞ்சலினுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவருக்குச் சட்டென்று முக்கியமாகப் பட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சொன்னால் அது வேறு. காரம் ஏறினால் சொல்லத் தேவையிருக்காது, ஏறாவிட்டால் மாட்டிக்கொண்டு சொன்னதாக ஆகும்.

"பதினொண்ணு. பன்னெண்டு."

"ஏங்க."

"பேசாதளா. பதிமூணு."

"அன்னைக்குப் பூ விரிஞ்சு போச்சுங்க. நான் கோயில்ல இருந்து வந்ததே பதினொன்றரை மணிக்கு. விரிஞ்ச பூவுலதான் தடவுனேன். உங்ககிட்ட முடிச்சாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

"பதினாலு" என்றார் நேசக்குமார், பழக்கத்தில். பிறகு நிறுத்தினார்.

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதவில்லை. அந்த அம்மாவின் நாக்கில் அது நின்றதா ஏறியதா என்பதையும் எழுதவில்லை. எனக்குக் காரம் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சம் பதினாறு இருக்கிறது. கரண்டி அவர் கையில், தயிர் தொடப்படாமல் பக்கத்தில், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் எண்ணுங்கள். பதினைந்து.