ஒமாஹாவிலிருந்து வடமேற்கே: அண்ணி திருத்திய பிரதி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் மூளையில் முளைத்ததல்ல. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் என் அண்ணை சச்சிதானந்தனின் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது. அண்ணி சிவகௌரி கறிச்சட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில வரைபடத்தை விரித்துப் போட்டிருந்தார். மூலைகள் சுருளாமல் இருக்க நான்கு தண்ணீர்க் குவளைகள். நான் வால்தம்ஸ்டோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவன். லீவு நாட்களில் கதை எழுதுபவன். அன்று பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான்.

எழுத அண்ணி அனுமதி தந்தார். ஒவ்வொரு பிரதியையும் அவர் வாசிப்பார், பிழையானதை வெட்டுவார் என்பது நிபந்தனை. வெட்டுகளை நான் மறைக்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

முடிவில்லாத சோள வயல்களின் நடுவே ஒற்றைக் கார் ஒன்று, அதனுள்ளே மூன்று இதயங்கள்...

(வெட்டு. நாங்கள் போகிற ஏப்ரலில் அங்கே சோளம் நிற்காது, அப்போதுதான் விதைப்பார்கள் என்று ஓரத்தில் குறிப்பு. இதயங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒரு கோடு மட்டும்.)

இரண்டாம் முயற்சி:

சிவகௌரிக்குப் பயமாக இருந்தது. வலது பக்கமாக ஓடவேண்டிய வீதிகளை நினைத்தாலே அவளுடைய கைகள்

(இதுவும் வெட்டு. தனக்கு எங்கே பயம் என்று தொலைபேசியில் கேட்டார். பயந்தவன் நான்தான். பயமில்லாத ஒருவரை வைத்து எப்படிக் கதை தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். அண்ணி இருபத்திரண்டு வருடமாகக் கிழக்கு லண்டனில் இரட்டைத்தட்டு பஸ் ஓட்டுகிறார். அண்ணைக்குக் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கார் ஓட்ட ஏலாது. மகன் நிஷாந்த் நன்றாக ஓட்டுவான், நன்றாகத் திட்டமும் போடுவான். மகள் ஆரணி நெப்ராஸ்காவின் நடுவில், தொள்ளாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் மாட்டு வைத்தியர். கன்று வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்தால் தோள்வரை கையை விட்டு, பிடித்து, இழுத்தெடுப்பது அவளுடைய தொழில். போய் ஆறு வருடம். பெற்றோர் ஒருமுறைகூடப் போனதில்லை.

3

ஏன் போனதில்லை என்பதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அவர் என் அண்ணை.

அமெரிக்கா போன முதல் வருடம் ஆரணி விடுமுறையில் வந்திருந்தபோது இல்ஃபோர்டில் ஒரு கல்யாணம். அங்கே யாரோ விசாரிக்க, மகள் அமெரிக்காவில் டொக்டர் என்று அண்ணை சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்டார். அண்ணை பதில் சொல்லாமல் சாப்பாட்டு வரிசையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். திரும்பிய இடத்தில் ஆரணி நின்றாள்.

அது முதற்தடவை அல்ல. அண்ணி என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் "ட்ரான்ஸ்போர்ட்டில" என்றுதான் அவர் சொல்வது வழக்கம். கேட்டவர்கள் கந்தோர், மேசை, கோப்பு என்று கற்பனை செய்துகொள்வார்கள். அண்ணி அதைப் பெரிதுபடுத்தியதில்லை. மகளால் அப்படி விட முடியவில்லை. அதன்பிறகு அவள் தாயோடு மட்டும்தான் கதைத்தாள். வாருங்கள் என்று கூப்பிடவுமில்லை. இந்த ஜனவரியில்தான், கன்று போடுகிற காலம், எனக்கு லீவு இல்லை, வருவதென்றால் நீங்களாகக் காரில் ஓடிவர வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாளாம். அதை அண்ணி அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

(இந்தப் பகுதியை அண்ணையிடம் கொடுத்தேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். 'சாப்பாட்டு வரிசை' என்பதன் கீழே கோடிட்டு, 'ஐஸ்கிறீம் வரிசை' என்று திருத்தித் திருப்பித் தந்தார்.)

4

பயணத் திட்டங்கள் இரண்டு இருந்தன. நிஷாந்தின் திட்டம் மடிக்கணினியில் இருந்தது. விமானத்தில் ஒமாஹா, அங்கே வாடகைக் கார், நிஷாந்த் ஓட்டுவான், ஒரே மூச்சில் முந்நூறு மைல். அண்ணியின் திட்டம் ஒற்றை றூள் போட்ட பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்தது. டிப்போவில் புதுப் பாதை பழகுகிறவர்கள் செய்வதுபோல, ஒவ்வொரு திருப்பத்தையும் கையால் எழுதியிருந்தார். ஒமாஹாவிலிருந்து பெருந்தெருவில் மேற்கே கிராண்ட் ஐலண்ட். அங்கே ஆற்றங்கரையில் கொக்குக் கூட்டம் பார்க்க ஓர் இரவு தங்கல். பிறகு இரண்டாம் இலக்க வீதியில் வடமேற்கே, புரோக்கன் போ ஊரைத் தாண்டி, புல் மூடிய மணல்மேடுகளுக்குள். அண்ணைக்குச் சீனி வருத்தம் என்பதால் கழிப்பறை உள்ள இடங்கள் சிவப்பு மையில்.

நிஷாந்த் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. தாய் வருடம் முழுக்க பஸ் ஓடுகிறவர், இந்த நாலு நாளாவது ஓய்வெடுக்கட்டும் என்பதுதான் அவனுடைய எண்ணம். பின்சீற்றில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டு வரச் சொன்னான்.

"பின்னால படுத்துக்கொண்டு ஒருக்கா வந்தனான்," என்றார் அண்ணி. "காணும், இனி வேண்டாம்."

தொண்ணூற்றெட்டில் அவர் ஒரு லொறியின் பின்பக்கத்தில், பெட்டிகளுக்கு நடுவே படுத்தபடி இந்த நாட்டுக்கு வந்தவர். ஐந்து நாடு கடந்தார், ஒரு வீதியையும் பார்க்கவில்லை.

(லொறியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இருட்டு, டீசல் மணம், எல்லாம். முழுவதும் வெட்டு. "அது வேற பயணம், தம்பி. இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ." நிஷாந்துக்குச் சொன்ன பதிலையும் மேலே உள்ள இரண்டு வசனத்தையும் மட்டும் விட்டுவைத்தார்.)

நிஷாந்த் மடிக்கணினியை மூடினான். கடைசியில் தனக்குப் புது வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அவன் விலகிக்கொண்டான். உண்மையாகவே லீவு கிடைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

5

வீட்டில் தொலைபேசி ஆங்கிலம் அண்ணையின் பொறுப்பு. வாடகைக் கார் நிறுவனத்துக்கு அவர்தான் போன் எடுத்தார். நானும் மேசையில் இருந்தேன். ஓட்டுபவரின் பெயரை மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள். அண்ணை மனைவியின் பெயரைச் சொன்னார், பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். வயது சொன்னார். லைசென்ஸ் எத்தனை வருடம் என்று கேட்டதற்கும் சொன்னார். அவ்வளவோடு முடிந்திருக்கலாம். அந்தப் பெண் வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணை தொண்டையைச் செருமினார். என் மனைவி லண்டன் பஸ் ட்ரைவர் என்றார். இரட்டைத்தட்டு என்றார். இருபத்திரண்டு வருடம், ஒரு விபத்தும் இல்லை என்றார். மறுமுனையில் அவள் ஏதோ சொல்ல, அண்ணையின் முகம் விரிந்தது.

போனை வைத்த பிறகு, அவள் என்ன சொன்னாள் என்று அண்ணி கேட்டார்.

"அப்ப கார் அவவுக்கு விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லுறாள்."

அண்ணி எழும்பிப் போய்த் தேநீர் போட்டார். எனக்கும் அண்ணைக்கும் போட்டார், தனக்குப் போட மறந்துவிட்டார்.

6

முடிவுகள். இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் பனிப்புயல் வருகிறது, அண்ணி எல்லோரையும் காப்பாற்றுகிறார். மற்றதில் ஆரணி வாசலில் நின்று அழுகிறாள், அண்ணையும்

(இரண்டும் வெட்டு. புயல் வந்தால் ஹோட்டலில் நிற்பேன், ஆரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டார். இரண்டாவதன் மேல் ஒரு நீளக் கோடு.)

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு ஆரணி வீடியோவில் வந்தாள். தாய் பஸ் ஓட்டுவதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாளாம். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் பெரிய ட்ராக்டரை அண்ணிக்கு ஓடக் கொடுக்கிறதாகச் சொன்னாராம். அண்ணி வெட்கப்பட்டார், ஆனால் எத்தனை கியர் என்று கேட்டார். அண்ணை போன் கமராவுக்கு வெளியே, கதிரையின் ஓரத்தில் இருந்தார். அண்ணி போனை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அப்பா," என்றாள் ஆரணி. "இனி ஆரும் கேட்டால் என்னை என்னெண்டு சொல்லுவியள்?"

"மாட்டு டொக்டர் எண்டு," என்றார் அண்ணை. பிறகு, "கேக்காட்டிலும் சொல்லுவன்."

அவள் குனிந்து எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது குரல் வேலை நேரத்துக் குரலாக இருந்தது.

"உங்கட கால் அளவு என்ன?"

"ஒன்பது. ஏன்?"

பண்ணைக்குள் சப்பாத்தோடு வர ஏலாது, றப்பர் பூட்ஸ் வாங்கி வைக்க வேண்டும் என்றாள்.

7

வருகிற வெள்ளிக்கிழமை விமானம். நான் போகவில்லை. போகாத இடத்தைப் பற்றி எழுத அண்ணி விடமாட்டார். எனக்கும் இப்போது விருப்பமில்லை. ஆகவே மிச்சம் நீங்கள் எழுதவேண்டியது.

அண்ணி பண்ணை வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிலுக்குள் பசு ஒன்று படுத்திருக்கிறது. ஆரணி அதன் பின்னால் முழந்தாளிட்டிருக்கிறாள், ஒரு கை உள்ளே. வாலைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒன்பதாம் அளவுப் பூட்ஸ் வாசலில் சோடியாக இருக்கிறது. அண்ணை அதைப் பார்க்கிறார்.

அங்கே தரை வழுக்கும். எழுதுகிறபோது அவரை மெதுவாக நடக்க விடுங்கள்.