இரண்டரை மில்லி

என் வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங். மற்றவர்கள் மாதக்கணக்கில் எழுதிய மென்பொருளை எடுத்து, எங்கே உடையும், எப்போது உடையும் என்று குடைந்து குடைந்து பார்ப்பேன். ஒன்பது வருஷப் பழக்கம், வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. "ஆபீஸ்ல இருக்கறதா நெனச்சிண்டு எங்கிட்ட பேசாதே" என்று என் கணவன் வினய் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வான்.

அதனால் அபிஜித்துக்கு டே கேர் தேடவேண்டி வந்தபோது முப்பத்திரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அபிக்கு இரண்டரை வயசு. அதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்துச் சமாளித்தேன். இனி வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. வினய்யின் அப்பா அம்மா பெங்களூரில் மகளோடு இருக்கிறார்கள். எனக்கு அம்மா இல்லை. பார்த்துக்கொள்ள வேறு யாரும் கிடையாது.

முதலில் போனது அம்மிணி சேச்சி வீட்டுக்கு. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடை. சாலை பஜாரின் தமிழ்க் கடைக்காரர்கள் பாதிப் பேர் பிள்ளைகளை அங்கேதான் விடுகிறார்கள், அதனால் மலையாளியான சேச்சிக்குத் தமிழும் நன்றாக வரும். வாசலிலேயே ஒரே கூச்சல். ஒன்று அழுதது, ஒன்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றது, இரண்டு ஒரு தலையணைக்குச் சண்டை போட்டன. எல்லாவற்றுக்கும் மேலே மீன் குழம்பு வாசனை.

"மீன் எனக்கு, மோளே. பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும்தான்" என்றாள், என் மூக்கைப் பார்த்துவிட்டு.

பதினேழாவது கேள்வியைக் கேட்டேன். மதியம் தூங்காத குழந்தையை என்ன செய்வீர்கள்?

"ஒறங்காத்த பிள்ளைய என்ன செய்ய? அது ஒறங்காது. அவ்வளவுதான், கேட்டியா" என்று சிரித்தாள்.

இது ஒரு பதிலா! திட்டம் என்று ஒன்று வேண்டாமா? பதினேழுக்கு நேரே பூஜ்யம் போட்டேன். மீனுக்குத் தனியாகச் சிவப்பில் ஒரு கோடு. அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், வேறென்ன செய்வேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாவது, ஜெயலக்ஷ்மி டீச்சரின் டே கேர். கோட்டைப் பகுதியில் மாடி வீடு. நம் ஆட்கள், சுத்த சைவம், செருப்பு வைக்கத் தனி அலமாரி. நான் போனது மதியம் ஒன்றரை மணிக்கு. பன்னிரண்டு குழந்தைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு முனகல் இல்லை, ஒரு புரளல் இல்லை. டீச்சர் விரலை உதட்டில் வைத்து என்னை உள்ளே அழைத்துப் போனாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டரை வருஷத்தில் மதியம் ஒரு நாள்கூட அபி தானாகத் தூங்கியது கிடையாது.

பன்னிரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கும் என்று ஒரு டெஸ்டர் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது மார்க் போட்டேன்.

டீச்சர் நாலு பக்கச் சேர்க்கைப் பாரம் ஒன்று தந்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'குழந்தையைத் தூங்க வைக்க வீட்டில் என்ன செய்வீர்கள்?' என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றபடியே அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்தால் அபி மடியிலேயே கிடப்பான். ஒன்றையும் தள்ளுவதில்லை, உடைப்பதில்லை. "என்ன சமர்த்தாயிட்டான் குட்டி!" என்று பக்கத்து வீட்டு மாமி கன்னத்தைக் கிள்ளினாள். வினய் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்தான். "பாத்தியா, நாலு கொழந்தைகளோட இருந்தா தானா அடங்கும்" என்றான்.

இரண்டாவது வாரம் அபிக்குப் பசியில்லை. வாயோரம் எச்சில் வழிந்தபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான், டிவியை நிறுத்தினாலும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பான். சனிக்கிழமை மத்தியானம் பழைய அபி திரும்பி வந்தான். அரிசி டப்பாவைக் கொட்டினான், திரைச்சீலையில் தொங்கினான். ஞாயிறும் அப்படியே. திங்கள் சாயங்காலம் மறுபடி மடியில் கிடந்தான்.

மூன்றாவது வாரமும் அதே. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பிள்ளை, சனி ஞாயிறு வேறொரு பிள்ளை. என் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஏதோ ஒன்று வாரநாளில் மட்டும் நடக்கிறது.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, சொல்லாமல் போனேன். ஒன்றரை மணி. அதே வரிசை, அதே அமைதி. நேராகப் போய் அபியைத் தூக்கினேன். தலை என் தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்தது. "அபி, அபி" என்று கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. வாயை முகர்ந்தேன். ஆரஞ்சு வாசனை.

அந்த வாசனை எனக்குத் தெரியும்.

"என்ன கொடுத்தேள் என் கொழந்தைக்கு?" என்று அலறினேன். அந்த அலறலுக்கும் எழுந்தவை நாலைந்து குழந்தைகள்தான், மற்றவை அசையவேயில்லை.

ஜெயலக்ஷ்மி டீச்சர் பதறவேயில்லை. அலமாரியைத் திறந்து பாரத்தை எடுத்து, மூன்றாம் பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். 'தூங்கவே மாட்டான். அவசியம் என்றால் ஜலதோஷ மருந்து இரண்டரை மில்லி கொடுப்போம். ஆரஞ்சு ருசி, அடம் பிடிக்காமல் குடிப்பான். பாட்டில் பையில் இருக்கும்.'

"நீங்க எழுதித் தந்தேள், பாட்டிலும் நீங்கதான் தந்தேள். என் இஷ்டத்துக்கு நான் யாருக்கும் ஒண்ணும் கொடுக்கறதில்லை" என்றாள். "பதிமூணு பேர்ல எட்டுப் பேர் இப்படித்தான் எழுதியிருக்கா. நீங்க மாத்திரம் இல்லை."

ஒரு வருஷம் முன்பு நெல்லைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அபிக்கு அப்போது சளி. டாக்டர் எழுதித் தந்ததைக் கொடுத்தோம், ரயில் முழுக்கத் தூங்கினான். அப்பாடா என்று இருந்தது. அதன் பிறகு சளி இல்லாமலே நாலைந்து தடவை கொடுத்திருக்கிறேன். எனக்கு முக்கியமான மீட்டிங் இருந்த நாட்களில். வினய்யே ஒரு நாள் "அந்த மருந்து இல்லையோ?" என்று கேட்டிருக்கிறான். நாங்கள் அதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை. மருந்துதானே, டாக்டர் சொன்னதுதானே!

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார். "யார் கொடுத்தது?" என்று கேட்டார். "டே கேர்ல" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வினய் கொதித்தான். "அவளைச் சும்மா விடப் போறதில்லை. கலெக்டர் வரைக்கும் போவேன்!" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இரண்டு நாள் நான் பாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், அவன் புகார் எழுத லேப்டாப்பைத் திறந்தபோது சொன்னேன்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "அந்தப் பாரம் அவ கையிலயா இருக்கு?" என்றான்.

"ஆமாம்."

லேப்டாப்பை மூடினான். "அப்ப வேண்டாம். விட்டுடு."

"மத்த ஏழு கொழந்தைகள்?"

"அவாவா அம்மா அப்பா பாத்துப்பா. நம்ம பேர் வெளில வந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா நீ?"

எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. அவன் சொன்னதை நானும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் அவன் இல்லாதபோது புகாரை நானே எழுதினேன். எழுதி, அனுப்பாமல் வைத்தேன்.

திங்கள் காலை அபியைத் தூக்கிக்கொண்டு அம்மிணி சேச்சி வீட்டுப் படியில் போய் நின்றேன். அன்றைக்கும் மீன் வாசனை. ஒரு மாசம் முன்பு மூக்கைச் சுளித்துவிட்டுப் போனவள் என்பதைச் சேச்சி மறக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லவில்லை.

"மதியம் ஒறங்குவானா?"

"மாட்டான்."

"வீட்டில எப்படி ஒறங்க வைப்பே?"

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது. பாட்டுப் பாடுவேன், தட்டிக்கொடுப்பேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலிலிருந்து பாரம் வரைக்கும், வாசலில் நின்றபடியே. அழுதேன். சேச்சி என்னைத் தேற்றவில்லை. "அய்யோ, கொள்ளாமே, நல்ல அம்மைதான் நீ!" என்று தலையில் கை வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பையை இங்க தா."

"அதுல ஒண்ணும் இல்லை சேச்சி."

"நான் பாக்கட்டு."

பையைத் தரையில் கவிழ்த்தாள். இரண்டு சட்டை, துண்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட். பக்கவாட்டு அறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் அபியை என் இடுப்பிலிருந்து வாங்கினாள். முப்பத்திரண்டு கேள்வி கேட்ட எனக்கு, யாராவது என்னைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஆபீசில் அன்று எதுவும் ஓடவில்லை. ஒன்றரை மணி ஆனது. கோட்டைக்குள் அந்த மாடியில் இப்போது பாய் விரித்திருப்பார்கள். ஏழு குழந்தைகள் மருந்துக்கு வாயைத் திறந்து, குடித்து முடித்திருக்கும்.

போனில் சேச்சியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்தேன். வாளி உருளும் சத்தம், யாரோ அழுவது, நடுவில் அபி தொண்டை கிழியக் கத்தினான், "எனக்கு! எனக்கு!" என்று. அதற்கு மேல் சேச்சியின் குரல்: "இவன் ஒறங்கலை, கேட்டியா. யாரையும் ஒறங்கவும் விடலை."

மூன்று தடவை கேட்டேன். பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதி வைத்திருந்த மெயிலைத் திறந்தேன். முதல் வரியை அழித்துவிட்டாலும் புகார் புகார்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை. கர்சரை அதன்மேல் வைத்து இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

'என் மகன் தூங்குவதற்காக அவனுக்கு ஜலதோஷ மருந்தை முதலில் கொடுத்தவள் நான்.'

அப்படியே விட்டு, அனுப்பினேன்.