ஹீட்டர் போடாத வீடு

பியானோ வந்து இறங்கிய மறுநாளே பல்செட் சார் டியூனருக்குப் போன் போட்டுவிட்டார். பல்செட் சார் என்பது அவர் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் வைத்த பெயர். கிளினிக்கின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து, மெழுகையும் பிளாஸ்டரையும் வைத்துப் பொய்ப்பல் செய்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வேலை மாறி இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. மனைவி பழைய ஊரிலேயே இருந்தாள், பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக. பரீட்சை முடியட்டும் என்றாள், முடிந்தது. புது டீச்சர் வரட்டும் என்றாள்; வந்தாயிற்று. போன மாதம் திடீரென்று, "பியானோவை முதல்ல அனுப்பறேங்க" என்றாள்.

"அப்ப நீ?"

"அது வந்து சேரட்டும். டியூன் பண்ணி முடிங்க. அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேச என்ன இருக்கிறது, டிக்கெட்டைப் பற்றித்தானே! கல்யாணமான புதிதில் அவர் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பியானோ அது. அதைத் தொடாமல் அவள் ஒரு நாள் இருந்ததில்லை. அது வந்துவிட்டால் பின்னாலேயே அவளும் வந்துதானே ஆக வேண்டும். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டியூனர் வந்தார். மூடியைத் திறந்து நாலைந்து கட்டைகளைத் தட்டினார், முகத்தைச் சுளித்தார், பையைத் திறக்காமலே எழுந்துவிட்டார்.

"இப்ப கை வைக்க மாட்டேன் சார்."

"ஏன், அவ்வளவு மோசமா?"

"மோசமில்ல. லாரியில அவ்வளவு தூரம் குலுங்கி வந்திருக்கு. அந்த ஊர்க் காத்து வேற, இந்த ஊர்க் காத்து வேற. மரம் பழகணும். இன்னிக்கு டியூன் பண்ணினா கொஞ்ச நாள்லயே சுருதி கலைஞ்சிடும். மூணு வாரம் போகட்டும், நாலுன்னா இன்னும் நல்லது."

பல்செட் சார் தலையாட்டினார். பல்லைப் பிடுங்கிய கையோடு செட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்களிடம், ஈறு ஆறி ஒரு நிலைக்கு வரட்டும் என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"இன்னொண்ணு. ஹீட்டர் பக்கத்துல வெச்சிருக்கீங்களே, மரம் காஞ்சிடும் சார்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார் டியூனர்.

வீட்டில் பியானோ கொள்கிற சுவர் அது ஒன்றுதான், அறையைச் சூடாக்கும் ஹீட்டரும் அதே சுவரில்தான் பதித்திருந்தது. லாரி ஆட்கள் நாலு பேர் மூச்சு வாங்கித் தள்ளி வைத்ததை இவர் ஒருவரால் அசைக்கக்கூட முடியாது. அது நகராதென்றால் ஹீட்டர்தானே அடங்கிப் போக வேண்டும்? அணைத்துவிட்டார்.

நல்ல குளிர்காலம். கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாடு தட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். மூக்கு ஒழுக ஆரம்பித்தது. "வீட்டுல ஹீட்டர் இல்லையா சார்?" என்று கிளினிக் ரிசப்ஷன் பெண் கேட்டாள். "இருக்கு, பியானோவுக்கு ஒத்துக்காது" என்றார்.

மாலையில் வீடு திரும்பியதும் பியானோவைப் பார்த்து, "என்ன, பழகிட்டியா?" என்பார். வீட்டில் பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. அவருக்கே இந்த ஊர் இன்னும் பழகவில்லை என்பது தனிக்கதை.

நாலாவது வாரம் முடிந்து டியூனர் வந்தார். காலையில் உட்கார்ந்தவர் மதியம்தான் நிமிர்ந்தார். "இனி நிக்கும் சார். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துக்கலாம்."

அவர் தலை மறைந்ததும் பல்செட் சார் மனைவிக்குப் போன் போட்டு, போனைப் பியானோ மேலேயே வைத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அவள் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் ஐந்து சுரங்கள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒற்றை விரலால் ஏறி இறங்கினார்.

"கேக்குதா டீச்சரம்மா?"

"கேக்குது. மேல் பக்கம் ஒண்ணு தட்டுங்க... ம், நல்லாவே பண்ணியிருக்காரு."

"அப்ப டிக்கெட் போட்டுடவா?"



"நான் வரலைங்க."

"ஸ்கூல்ல இன்னும் விடலையா? அடுத்த மாசம் பார்ப்போமே."

"எந்த மாசமும் வரலைங்க. நீங்க வாங்கிக் கொடுத்தது அது. வர மாட்டேன்னு சொல்லிட்டு அதை மட்டும் வெச்சுக்கறது நியாயமில்ல. சுருதி கலைஞ்சு போனதைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரல. அதான் டியூன் பண்ணி முடியட்டும்னு இருந்தேன்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. நீங்க இல்லாம எனக்கு ஒரு குறையும் தெரியல. எனக்கே அது பயமாத்தான் இருந்துச்சு." பிறகு கேட்டாள்: "சளி பிடிச்சிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"அதெல்லாம் இல்ல" என்றார்.

போனை வைத்த பிறகு குல்லாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. யாருக்காக இத்தனை நாள் விறைத்துக் கிடந்தது? எழுந்து போய் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டார், கோட்டைக் கழற்றி எறிந்தார். கை சூடேறியது, காது சூடேறியது. அந்த வீட்டில் இப்படி ஒரு சுகம் இருப்பதையே அவர் மறந்து போயிருந்தார்.

பியானோவுக்குள் எங்கோ மரம் 'டொக்' என்றது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஹீட்டரை அணைத்தார். பக்கப் பலகையைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுவென்று இருந்தது. ஐந்து சுரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார், மேல் பக்கமும் ஒன்று தட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும், என்றைக்காவது அவள் போன் செய்து இன்னொரு தடவை தட்டச் சொன்னால்? தரையில் கிடந்த கோட்டை எடுத்து உதறி, மறுபடி மாட்டிக்கொண்டார்.