ஏற்க இயலாது

மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசரான நல்லசிவம் ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம். அதற்குப் பிறகு மனுஷர் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் உயிரையும் வாங்கிவிடுவாரே என்று பயந்த மகள் இளவரசி, தன் குர்காவ் கம்பெனியில் கொடுத்த ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். 'உங்கள் மனதுக்குப் பிடித்த வேலை எது?' என்று அதில் கேட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, டில்லி கரோல் பாக் வீட்டு பால்கனி வெயிலில் உட்கார்ந்து அவர் ஆசை ஆசையாக எழுதினார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்னதாக ஒரு காப்பித்தூள் கடை. மேலதிகாரி என்று யாரும் கிடையாது. மத்தியானம் ஒரு மணி நேரம் தூக்கம்.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அங்கேதான் வந்தது வினை. கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. 'இதற்கு முன்னுதாரணம் உண்டா?' என்று ஓரத்தில் குறித்தது. 'தூக்கத்துக்கான காரணம் தெளிவாக இல்லை' என்றது. கடைசியில் 'ஏற்க இயலாது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டது.

"அரே, அப்பா! எழுதினதும் நீங்க, ரிஜெக்ட் பண்றதும் நீங்களா?" என்றாள் இளவரசி.

"யாரா இருந்தா என்னம்மா, ரூல் ரூல்தான்." அவர் முகத்தில் அப்படியொரு களையை அவள் பல மாதமாகப் பார்த்ததில்லை. "இன்னொரு ஃபாரம் இருக்கா? ஒங்கம்மாவையும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லு."

அடுக்களையிலிருந்து தாயம்மாளின் குரல் வந்தது. "நான் குடுத்த மனுவெல்லாம் முப்பது வருஷமா ஒங்கப்பாகிட்டதான் கெடக்குன்னு சொல்லுட்டி."