மெரிலுஸின் ரத்தம்

கால் மரத்துப்போகிறது என்றுதான் மெரிலுஸ் டாக்டரிடம் போனான். சர்க்கரை, சத்துக்குறைவு, இன்னும் என்னென்னவோ பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும், "என் மனைவியும் கேட்கட்டும்" என்று அவனே ரோஸ்மேனை உள்ளே அழைத்துப்போனான். டாக்டர் லவோலெட் அம்மா தயங்கித்தான் சொன்னார்: சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான பரிசோதனையில் கிருமியின் சுவடு தெரிகிறது.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ரோஸ்மேன் ஆரம்பித்தாள்.

"யாருய்யா அவ?"

"எவ?"

"எவளா? நாம ஹைத்தியிலேர்ந்து இந்த மொன்ரியாலுக்கு வந்தப்ப, உள்ள விடறதுக்கு முன்னாடி இதே நோய்க்கு ரத்தம் பாத்தாங்க. அப்ப சுத்தமா இருந்துச்சு. இங்க வந்தப்புறம்தானே வாங்கிட்டு வந்திருக்க?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, ரோஸ்மேன்."

"அந்த விதவை கெர்லீன் வீட்டுக் குழாய்க்கு மட்டும் வருஷம் முழுக்க ஒழுகற வியாதி. நீதான் போய்ச் சரி பண்ற வைத்தியர்!"

அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். போகிற இடமெல்லாம் இப்போது அவளுக்கு உறுத்தியது. சட்டையை முகர்ந்தாள். கைப்பேசியைத் துழாவினாள். தேவாலயப் பூசைக்குப் போன இடத்தில் விதவை கெர்லீன் சாதாரணமாகச் சிரித்தது கூட ஒரு சைகையாகப் பட்டது. தன் ரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பழைய தொற்று என்றால் மனைவிக்கு ஒட்டாமலே போகலாம் என்றார் டாக்டர். நிம்மதிக்குப் பதில் அதுவும் சந்தேகத்தையே வளர்த்தது.

மறுமுறை போனபோது டாக்டர் வேறொன்று கேட்டார்.

"சின்ன வயசுல ஊர்ல உங்களுக்கு பியான் வந்துச்சா? தோல்ல புண்ணு புண்ணா, பிள்ளைங்களுக்கு வருமே?"

"இல்ல" என்றான் மெரிலுஸ். கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு மனைவியைத்தான் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே குடும்பத்துக் கிருமி. பியானுக்கும் சிபிலிஸுக்கும் ரத்தத்துல வித்தியாசம் தெரியாது. நீங்க இந்த நாட்டுக்கு வந்தப்ப எடுத்தது, நோய் ஆறினா முடிவு மங்கிப்போற பரிசோதனை. இப்ப எடுக்கறது ஆயுசுக்கும் சுவடு காட்டும். அதான் கேட்டேன்."

தப்பிக்க இப்படி ஒரு வழி இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் வேண்டாம் என்கிறான்? ரோஸ்மேனுக்கு அது விளங்கவில்லை. அவன் வண்டியெடுத்துப் போனதும் ஹைத்தியில் ஜெரெமி மலையிலிருக்கும் அவன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அனாசில் அண்ணி, உங்க தம்பி சின்ன வயசுல எப்படி இருந்தாரு?"

"எதுக்குடி திடீர்னு? உயிரோட இருக்கானா?"

"இருக்காரு, இருக்காரு. நோய் நொடி ஏதாவது வந்துச்சான்னு..."

"அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?" அண்ணி முதலில் மழுப்பினாள். பிறகு சொல்லிவிட்டாள். "பியான் வந்துச்சு. காலெல்லாம் புண்ணு. பாதத்தை ஊன முடியாம நண்டு மாதிரி நடப்பான், பாவம். டாக்டருங்க ஜீப்புல வந்து ஊருக்கே ஊசி போட்டாங்க, ஆறிடுச்சு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

ரோஸ்மேன் சொல்லாமல் இருக்கவில்லை. அவன் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"கெண்டைக்கால்ல இருக்கறது கொதிக்கிற சட்டி கவுந்த தழும்புன்னு சொன்னியே, பொய்தானே?"

மெரிலுஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கப்பா டவுன்ல துணிக்கடை வெச்சவரு. செருப்பில்லாத மலைக்காட்டுப் பயலுக்குத்தான் பியான் வரும்னு என் முன்னாடியே சொன்னாரு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? கட்டிக்கொடுத்திருப்பாரா?"

"அப்பா செத்து எத்தனை காலம் ஆச்சு? கூத்தி வெச்சிருக்கான்னு நான் நெனச்சாலும் பரவாயில்ல, இது தெரியக் கூடாதா உனக்கு?"

அடுத்த முறை போனபோது, எந்த நோயின் சுவடு என்று ரத்தம் சொல்லாது என்பதால், எதற்கும் ஊசி போட்டுவிடலாம் என்றார் டாக்டர். ஊசிக்கு ரோஸ்மேனும் கூடப் போனாள். அவன் மேல் இருந்த சந்தேகம் கிட்டத்தட்ட போய்விட்டது. கோபம் போகவில்லை. ஆனாலும் வலியில் அவன் பல்லைக் கடித்தபோது தன் கையை நீட்டினாள். அவன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.